கடை வாசலில் உட்கார்ந்தவர்

போத்தனூர் ஆஸ்பத்திரியில் என் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கும்போது, பக்கத்துக் கட்டிலில் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளி படுத்திருப்பார். வீங்கிய கண்ணிமைகள், கசங்காத சட்டை. முதுகுவலிக்காக ஒரு மருந்துக்கடைக்காரர் டாக்டர் சீட்டில்லாமல் ஆறு வருடம் கொடுத்த வலி மாத்திரைகள் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்திருந்தன.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவர் அந்தக் கடை வாசலில் போய் உட்கார்ந்து, வலி மாத்திரை கேட்டு வருபவர்களை நிறுத்துவார்.

“ஏனுங்க, ஒரு கிட்னிக்குள்ள பத்து லட்சம் வடிகட்டி இருக்குதுங்க. ஒவ்வொண்ணுலயும் நூல் உருண்டையாட்டம் மெல்லிசான ரத்தக்குழாய் தண்ணிய வடிச்சு உடும். அடுத்தாப்புல ஒரு நீளக் குழாய், நல்ல தண்ணியையும் உப்பையும் ரத்தத்துக்கே திருப்பிக் குடுத்துப்போட்டு, கழிவை மட்டும் வெளிய தள்ளும். இந்த மாத்திரையைத் தெனமும் முழுங்குனா அதுக்கு ரத்தம் போறது கொறஞ்சுபோகும். செத்த வடிகட்டி மறுபடி மொளைக்காதுங்க.”

கேட்டவர்கள் பலரும் திரும்பிப் போய்விடுவார்கள்.

“புகார் கொடுத்துக் கடையை மூட வைக்கலாமே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மூடக்கூடாதுங்க. தெறந்து வெச்சுட்டு, யாராச்சும் வருவாங்களான்னு அந்தக் கடைக்காரன் தெனமும் பாத்துட்டு உக்காந்திருக்கோணும்.”

அப்போதும் அவர் குரல் உயரவில்லை. அது நியாயமா, கொடுமையா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.