கவர்னரின் மனைவி வந்த கண் முகாம்

எழுபதுகளின் கடைசியில் செங்கம் சாலையில் நாங்கள் இரண்டு மாடுகள் வைத்து வீடுவீடாகப் பால் ஊற்றிவந்தோம். அம்மாவுக்கு ஒரு கண் முன்பே மாட்டுக் கொம்பு பட்டுப் போயிருந்தது. மற்றக் கண்ணிலும் புரை விழுந்தபோது, மாதர் சங்கம் ஒன்று நடத்திய இலவச முகாமில் சேர்த்தேன். பள்ளிக்கூட வகுப்பறையில் பாய் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. கட்டை அவிழ்த்து மருந்து விட்டபோது, "உன் மூக்குத்தி தெரியுதுடி" என்று அம்மா சிரித்தாள்.

"தையல் ஆறுற வரைக்கும் குனியவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

மறுநாள் முகாமைப் பார்வையிட கவர்னரின் மனைவி வருவதாக இருந்தது. அவர் கையால் கறுப்புக் கண்ணாடி வாங்க, நோயாளிகளைக் காலையிலிருந்தே மைதானத்து வெயிலில் உட்காரவைத்தார்கள். அவர் மதியம்தான் வந்தார். அம்மாவுக்குத் தானே கண்ணாடியை மாட்டிவிட்டு, தன் மொழியில் ஏதோ அன்பாகக் கேட்டார். அம்மா கும்பிட்டாள்.

பக்கத்தில் நின்ற சங்கத்துச் செயலாளர் எங்களிடம் பால் வாங்கும் பெண்மணி. "கால்ல விழு, போட்டோ எடுக்கறாங்க" என்றார்.

"குனியக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்றேன்.

"ஒரு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது. நீ தள்ளி நில்லு." அம்மாவின் பிடரியில் கைவைத்து அழுத்தினார். கேமரா பல்பு எரியவில்லை. "இன்னொரு வாட்டிங்க" என்றார் போட்டோக்காரர். செயலாளர் மறுபடியும் பிடரியை அழுத்தினார். கவர்னரின் மனைவி அம்மாவின் தலையைத் தொட்டு ஆசீர்வதித்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். குனியக்கூடாது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் அம்மா வலியில் சுவரைப் பிராண்டினாள். டாக்டர் இமையைப் பிரித்துப் பார்த்தார். தையல் விட்டிருந்தது.

"யாரு உன்னைக் குனியச் சொன்னது? எல்லாத்தையும் பாழாக்கிட்டியே!" என்று அம்மாவிடமே கத்தினார். நான் செயலாளரைக் காட்டினேன்.

"நானா? அவங்களாதான் விழுந்தாங்க. இவங்களுக்கெல்லாம் நல்லதே பண்ணக்கூடாது" என்றார் அவர்.

கண் போயிற்று. அம்மா தடவித் தடவிக் கறந்தாள். நான் கொண்டுபோய் ஊற்றினேன். முதலில் பாலை நிறுத்தியது செயலாளர் வீடுதான். "கண்ணு தெரியாதவங்க கறக்கிற பாலு, என்னா விழுந்திருக்குமோ, வேணாம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அந்தத் தெருவே நிறுத்தியது. மாடுகளை விற்றோம்.

அம்மா யாரையும் திட்டவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "கவர்னர் வீட்டம்மா என் தலையில கை வெச்சாங்க. எவ்ளோ மெத்துனு இருந்துச்சு தெரியுமா?" என்று சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.