கோபப்பட்ட தாயின் பால்

அமெரிக்காவில், ஆக்ஸ்நார்டில் ஸ்ட்ராபெரி பறிக்கும் பெண்களில் கிரிசெல்டாவை வாயால் ஜெயித்தவள் கிடையாது. மெக்சிகோவின் ஓஹாகா மலையிலிருந்து வந்த புதிதில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாமல் முழித்தவள்தான். இப்போது ஊருக்கே யோசனை சொல்கிறாள். பீன்ஸும் சோள ரொட்டியும் அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையோடு சரி. மற்ற நாளெல்லாம் பாக்கெட் நூடுல்ஸ், சோடா. மகன் ஓஸ்வால்டோவை டப்பாப் பாலிலேயே வளர்த்ததில் அப்படியொரு பெருமை வேறு.

தம்பி எஃப்ரேனின் மனைவி நெரெய்தா அதே வீட்டில் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கமாட்டேன் என்றாள்.

"இங்க எல்லாரும் ரெண்டு பாலும்தாண்டி கொடுப்பாங்க. புள்ள நோஞ்சானா கெடக்கு பாரு."

"என் பாலே போதும் அண்ணி."

ஒருநாள் கிரிசெல்டா கேட்காமலேயே புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்துவிட்டாள். நெரெய்தா போட்ட கத்தலில் தெரு நாயெல்லாம் குரைத்தது. கத்தி முடித்ததும்தான் அவளுக்கு உறைத்தது. கோபப்பட்ட தாயின் பால் பிள்ளைக்கு ஆகாது என்பது அவர்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும்.

"அவ்வளவுதான், பால் கெட்டுப்போச்சு. இனி புட்டிதான்" என்றாள் கிரிசெல்டா. விடுவாளா அவள்!

நெரெய்தா பயந்துபோய்க் கொடுக்காமல் இருந்தாள். மறுநாள் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. குழந்தையோ புட்டியைத் துப்பித் துப்பி அழுதது.

"எனக்கு வத்திருமா அண்ணி?"

அவள் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்ததும் கிரிசெல்டாவுக்குத் தன் பழைய நாள் நினைவுக்கு வந்தது. ஓஸ்வால்டோ பிறந்த சில நாளிலேயே வயலுக்குப் போய், இப்படித்தான் நனைந்த சட்டையோடு குனிந்து பறித்தாள். வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவர மேஸ்திரி விடவில்லை. பால் வற்றியபோது, மேஸ்திரிமேல் வந்த கோபத்தில் கெட்டுப்போனதாக ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். கோபமே படவில்லை, பயந்துபோய் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"கெடலடி. எனக்கும் அன்னிக்குக் கெடல. சும்மா சொல்லிக்கிட்டேன்" என்றாள். "மனசு கேக்கலைன்னா கொஞ்சம் பீச்சிக் கீழ விட்டுட்டு, புள்ளைக்குக் கொடு."

நெரெய்தாவுக்குச் சோளமாவில் அத்தோலே கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். குழந்தை அவள் மார்பில் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க கிரிசெல்டாவுக்கு அழுகை முட்டியது.

வேலை முடிந்து வந்த எஃப்ரேன் வாசலிலேயே தயங்கி நின்றான்.

"என்னக்கா, கோபமெல்லாம் தீர்ந்துச்சா?"

"அவளுக்குத் தீர்ந்துபோச்சு" என்றாள் கிரிசெல்டா. "எனக்குத்தான் இப்ப வருது."