மிளகு மூட்டைகளும் தெரேசாவின் குரலும்

பஸ்தியாம்பிள்ளை தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, மாத்தளைக் கடைகளில் மூட்டை தூக்கி, பிறகு பக்கத்து ஊரான அலுவிகாரையில் சொந்தமாக மிளகு வாங்கி விற்றவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அவருடைய கடையை எரித்தார்கள். உயிரை விட்டுவைத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அதன் பிறகு சரக்கை வீட்டு ஹாலிலேயே அடுக்கத் தொடங்கினார்.

அந்த ஹால் ஒரு கோணல் பிறவி. ரயில் பெட்டி மாதிரி நீளம். கீழே வழுவழுத்த சீமெந்து, மேலே தகரம், சுற்றி வெறுஞ்சுவர்.

மனைவி தெரேசா பெரிய வெள்ளியன்று மாதாவின் வியாகுலப் பாட்டைத் தனியாகப் பாடும்போது கோயிலில் ஒரு இருமல்கூட எழாது. தொண்டையில் ஆபரேசன் செய்ததோடு அந்தக் குரல் போயிற்று. காற்றுப் போன்ற பேச்சு மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு அவள் பூசைக்குப் போனால் கடைசி வாங்குப் பலகையிலேதான் இருப்பாள். முன்பு அவள் பாடியதை யாரோ பதிந்து கொடுத்த கெசட் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை அவள் தொட்டதே இல்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு அவளுடைய தம்பி ரபாயேல் குவைத்திலிருந்து வந்து, இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வைத்த ஒரு கெசட் செட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். ஹாலில் மிளகு மூட்டைகள் ஜன்னல் உயரத்துக்கு நின்ற காலம். பஸ்தியாம்பிள்ளை அந்தக் கெசட்டைப் போட்டார்.

குரல் வலது பெட்டியிலிருந்தும் வரவில்லை, இடது பெட்டியிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஆள் நிற்கும் உயரத்தில் நின்று பாடியது. அவர் எழுந்து போய் அந்த வெற்றிடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"சேசுவே!"

குசினியில் சமையலை விட்டு வந்த தெரேசா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். "அது நானாங்க?"

"பின்ன யாரு? ஒன் தம்பியா பாடுறான்?"

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்த நாட்களில் கொலையும் ஊரடங்குமாக நாடு கெட்டுக் கிடந்தது. இருட்டிய பின் வெளியே போகும் பயத்தில் கோயிலில் அந்தியில் பாட்டுப் பழகுவது நின்றுபோயிற்று. தெரேசா தானாகவே பாட்டுக்குழுப் பெண் லூசியாவைக் கூப்பிட்டாள். "பகல்ல நம்ம வீட்டுக்கு வாங்க புள்ள. கெசட்டு பாடட்டும், நான் சொல்லித் தாறேன்." ஆபரேசனுக்குப் பிறகு அவள் ஒரு காரியத்துக்குத் தானே முன்வந்தது அதுதான் முதல் தடவை.

தவக்காலம் பிறப்பதற்குள் மிளகு விலைப்பட்டு, லொறி வந்து ஏற்றிப் போனது. அடுத்து வந்த சனிக்கிழமை பாட்டுக்குழுப் பிள்ளைகள் தரையில் உட்கார, பஸ்தியாம்பிள்ளை கெசட்டைப் போட்டார். ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் அதன் மேல் ஏறியது. தகரம் அதிர்ந்தது.

"மாமி, கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்குங்க," என்றாள் லூசியா. பின்னாலிருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

தெரேசா செட்டை நிறுத்தினாள். "இந்த வருசம் வேற பாட்டு பாடுங்க." கெசட் அலுமாரியின் அடித்தட்டுக்குப் போனது. அவள் குசினிக்குப் போனாள்.

செட் பழுதென்றே பஸ்தியாம்பிள்ளை நினைத்தார். மனைவிக்குத் தெரியாமல் கெசட்டை எடுத்து, செட்டையும் பஸ்ஸில் ஏற்றி, டவுனில் ரேடியோ திருத்தும் பலீலிடம் போனார். பலீல் வேலை செய்வது தன் அண்ணனின் புடவைக் கடைக்குப் பின்னால், துணிக்கட்டுகளுக்கு நடுவில். அங்கே கெசட்டைப் போட்டதும் தெரேசா மறுபடியும் நடுவில் நின்று தெளிவாகப் பாடினாள்.

"செட்டுல ஒரு குத்தமும் இல்ல, அண்ணன். வருத்தம் ஒங்கட ஊட்டுக்குத்தான். ஊட்டுக்கு மருந்து குடுக்க எனக்கு ஏலாது," என்று சிரித்தார் பலீல்.

வீட்டுக்கு வந்து செட்டை இறக்கிய களைப்பில், "தெரேசா, தண்ணி!" என்று கத்தினார்.

அவள் செம்போடு வந்தாள். "ஏங்க இப்பிடி கத்துறீங்க? மிளகு இருந்தப்ப நாலு தரம் கூப்பிட்டாத்தான் எனக்கு கேக்கும். இப்ப ஒரு தரத்துக்கே காது அடைக்குது."

பஸ்தியாம்பிள்ளை செம்பை வாங்க மறந்து சுவரைப் பார்த்தார். அட, சத்தத்தை அடக்கி வைத்தது மூட்டைகள் அல்லவா!

மிளகுக்கு எங்கே போவது? நெல்லு மில்லுக்குப் பின்னால் உமி மலையாகக் கிடந்தது. வெறுஞ் சாக்குகளை எடுத்துப் போய் நிரப்பி, தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுப் பாப்பம்மா வேலியில் சாய்ந்தாள்.

"என்ன அண்ணே, மிளகு போயி உமி யாவாரமா? எந்த நாட்டுக்கு ஏத்துறீங்க?"

"பாட்டுக்கு, பாப்பம்மா. பாட்டுக்கு."

"ஐயோ, அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு!"

பின்சுவரில் அடுக்கினார், போட்டுக் கேட்டார். அதிர்வு தணிந்தது. பக்கச் சுவர்களில் அடுக்கினார். சொற்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நின்றன. மூலைகளில் ஒட்டி நின்ற ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுவரை விட்டுத் தள்ளி முக்காலிகளில் வைத்தார். ஒவ்வொரு தடவையும் பாடும் தெரேசா ஓரடி முன்னால் வருவது போலிருந்தது. உமியைக்கொண்டு ஆண்டவர் இப்படியும் செய்வாரா என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் குசினித் தெரேசா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பிள்ளைகளை அவரே அழைத்து வந்தார். உள்ளே தேங்காய் திருவும் சத்தம். கெசட் ஓடியது. பாட்டோடு சேர்ந்து, பாடுகிறவள் மூச்சை இழுப்பதும் கேட்டது. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி அந்த வெற்றிடத்தையே பார்த்தார்கள். தேங்காய்ச் சத்தம் நின்றது. லூசியா மெதுவாகக் கூடப் பாடினாள்.

"அங்க மூச்ச முறிக்காத புள்ள!"

கையெல்லாம் தேங்காய்ப்பூவோடு தெரேசா வாசலில் நின்றாள்.

"கெசட்டுல நீங்க முறிக்கிறீங்களே மாமி!"

தெரேசா அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அதை நோக்கி விரலை நீட்டினாள். "அவ பெழையா பாடுறா. அவளப் பாத்து பழகாதீங்க, நான் சொல்றதக் கேளுங்க. ஏங்க, திரும்பச் சுத்திப் போடுங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அவர்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, தாளத்துக்குக் கையைத் தூக்கினாள். பஸ்தியாம்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினார். ஒரு தெரேசா காற்றில் நின்று பாட, இன்னொரு தெரேசா கீழே உட்கார்ந்து அவளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.