வகுத்தல் அக்கா

எதிரே இருப்பவர் கோளாறைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா பேனா மூடியைப் பல்லால் கழற்றி, இடது உள்ளங்கையில் இரண்டு எண்களை எழுதிவிடுகிறார். மேலே வோல்ட், கீழே ஆம்பியர், நடுவே ஒரு கோடு.

“வகுத்தா தடை, பெருக்கினா வாட். அதுக்கு மேல கரண்ட்டுகிட்ட ஒரு ரகசியமும் கிடையாது.”

மிக்சியோ மோட்டாரோ, அக்காவின் வைத்தியம் இப்படித்தான் தொடங்கும். சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. அதன் பையில் எப்போதும் இரண்டு டெஸ்டர். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்குமாம். வகுத்தல் அக்கா என்று ஊர் கூப்பிடுவதில் அவருக்குப் பெருமைதான். “எங்க வீட்ல வகுக்கறது நான், பெருக்கறது அவரு” என்பார். கணவரும் துடைப்பத்தோடு நின்றபடியே சிரிப்பார்.

அக்காவுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: ‘மாத்திடலாம்.’

போன மாதம் கோழிப்பண்ணையில் அந்தச் சொல்தான் கேட்டது. நாலாயிரம் முட்டைகள் இருந்த இன்குபேட்டரில் சூடு மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அடைக்கு வைத்துப் பதினோரு நாள். உள்ளே உயிர் துடிக்கத் தொடங்கியாயிற்று. கம்பெனி மெக்கானிக் கையை விரித்துவிட்டார். “போர்டு போயிடுச்சு. மாத்திடலாம். வர மூணு நாளாகும்.” பண்ணைக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா மீட்டரை மாட்டினார். 240 வோல்ட். 8 ஆம்பியர். உள்ளங்கையைப் பார்த்தார், இயந்திரத்தின் தகட்டைப் பார்த்தார். சூடேற்றும் காயில் மூன்று, மொத்தம் 2880 வாட் என்றது தகடு.

“240ஐ எட்டால பெருக்குங்க சார். 1920தான் வருது. பன்னெண்டு ஆம்பியர் இழுக்க வேண்டிய மெஷின் எட்டுதான் இழுக்குது. தடை இருபது ஓம் இருக்கணும், முப்பது இருக்கு. மூணு பேர்ல ஒருத்தன் கள்ளத்தூக்கம் போடறான்.”

“மூணு காயிலோட லைட்டும் எரியுதேம்மா?” என்றார் மெக்கானிக்.

“லைட் எரியுது சார். காயில் எரியணுமே!”

“பிரிச்சா கேரண்டி கிடையாது. அப்புறம் எங்களைக் கேக்கக் கூடாது.”

கணக்கு தப்பினால் நாலாயிரம் உயிரும் அவர் தலையில். அக்கா உள்ளங்கையில் இன்னொரு முறை வகுத்துப் பார்த்தார். அதே முப்பது. “அண்ணே, பிரிக்கட்டுமா?” என்றார். பண்ணைக்காரர் சரியென்று தலையாட்டினார்.

மெயினை அணைத்து, காயில்களைத் தனித்தனியே அளந்தார். முதலாவது அறுபது ஓம். இரண்டாவதும் அறுபது. மூன்றாவதில் மீட்டர் அசையவே இல்லை. கம்பியை மூடிய பீங்கான் மணிக்குள், கண்ணுக்குத் தெரியாமல், இணைப்புக் கம்பி கருகி அறுந்திருந்தது. புதுக் கம்பி முறுக்கி, திருகை இறுக்கி, மெயினைப் போட்டார்.

மீட்டரில் 12.

“பன்னெண்டு!” என்று கத்தியவர் மெக்கானிக்தான். தோற்றதையும் மறந்து, அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

குஞ்சு பொரிக்க வேண்டிய இருபத்தோராம் நாள் காலை, பண்ணைக்காரர் ஆள் அனுப்பி அழைத்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்: “அக்கா, உங்களுக்கு நான் எப்படி...”

அக்கா நேரே உள்ளே போய், இன்குபேட்டரிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார். கண்ணை மூடியபடி, மறு கையை உயர்த்தி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.