இருமலைத் தாரும் என்று கேட்டேன்

அன்பான சபையாருக்கு,

என் சுகத்தைக் குறித்து நம் ஆலயத்தில் ஏற்கெனவே ஒரு சாட்சி சொல்லப்பட்டது. சொன்னவன் நான் அல்ல. அப்போது நான் பேசும் நிலையிலும் இல்லை. அந்தச் சாட்சி தவறானது. என் பெயரால் சொல்லப்பட்ட ஒன்றைத் திருத்தும் கடமை எனக்குண்டு, ஆகவே எழுதுகிறேன்.

கடந்த ஆண்டு அறுப்பின் பண்டிகை முடிந்த வாரத்தில் எனக்குப் பக்கவாதம் கண்டது. கைகால்கள் தப்பின. நாக்கும் தொண்டையும் தப்பவில்லை. கல்லூரியில் ஆங்கிலம் போதித்து, ஆலயத்தில் வேதபாடம் வாசித்து வந்த நான், மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தால் அவளுக்கே புரியாத நிலைக்கு வந்தேன். வாயோரம் எச்சில் வடிந்தது. தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டார்கள். வாய்வழியாக எதுவும் தரக்கூடாது என்று தலைமாட்டில் எழுதி ஒட்டினார்கள். பார்க்க வந்த எல்லாரும் அதை வாசித்தார்கள். மதித்தவர்கள் குறைவு.

என் மனைவி கிரேஸின் தம்பி செல்வின், துறைமுகத்தில் ஏற்றுமதி முகவர். நம் ஜெபக்குழுவை நடத்துகிறவன். ஒரு சனிக்கிழமை மாலை ஜெபித்து முடித்ததும் என் தலையை நிமிர்த்தித் தண்ணீர் டம்ளரை உதட்டில் வைத்தான்.

"ஏலே, டாக்டர் வேண்டாம்னுல்லா சொல்லிருக்காரு" என்றாள் கிரேஸ்.

"டாக்டர் அவர் படிச்சதைச் சொல்லுதாரு. நீங்க விசுவாசிச்சுக் குடிங்க அத்தான்."

நாவறட்சி தாங்காமல் குடித்தேன். தண்ணீர் இறங்கியது. இருமல் வரவில்லை.

"பாத்தியாக்கா? ஒரு செருமல் உண்டா? நீ என்னமோ கஸ்டம்ஸ் ஆபீசர் மாதிரி மறிச்சுக்கிட்டு நின்னியே!"

மறுநாள் காலை ஆராதனையில் அவன் இதைச் சாட்சியாகச் சொன்னான். நீங்கள் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தீர்கள். அந்த வேளையில் எனக்குக் குளிர்காய்ச்சல் தொடங்கியிருந்தது. மாலைக்குள் மூச்சு முட்டியது. நுரையீரலில் கடுமையான தொற்று என்றார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வந்தபின், பேச்சுக்கும் விழுங்குதலுக்கும் பயிற்சி அளிக்கும் ஜெசிந்தா என்ற தெரபிஸ்ட் என்னைச் சோதித்தார். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கி, நிறம் கலந்த கஞ்சியில் ஒரு கரண்டி விழுங்கச் சொன்னார். திரையில் நானே கண்டேன். பச்சை நிறம் மூச்சுக்குழாய்க்குள் வழிந்தது. நான் எதையும் உணரவில்லை.

"சார், இருமல் வராததுதான் ஆபத்து. தப்பான வழியில போனது தொண்டைக்கே தெரியல" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முன் மறுபடியும் சோதிப்பதாகச் சொன்னார்கள். தேறாவிட்டால் வயிற்றில் துளையிட்டு நிரந்தரக் குழாய் என்றார்கள்.

இதற்குள், நான் மறுபடி சீர்கெட்டதற்குச் செல்வின் வேறொரு விளக்கம் சொல்லியிருந்தான்: "அத்தானுக்கு விசுவாசம் தளந்துட்டு." அதையும் நீங்கள் நம்பினீர்கள். என் குடும்பத்தில் மறைந்திருக்கும் பாவம் யாதென்று ஆலய வாசலில் ஆராய்ச்சி நடந்ததையும் அறிவேன். என் நாக்குத்தான் செயலற்றிருந்தது, காதுகள் அல்ல.

அப்போது மனதுக்குள் ஜெபித்தேன்: கர்த்தாவே, எனக்கு இருமலைத் தாரும். வேறு எதையும் கேட்கவில்லை.

தாளில் எழுதியும் காட்டினேன்; கிரேஸ் அதைப் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக்குறிப்பாகச் சொன்னாள்.

"இருமல் போகணும்னுதானம்மா?" என்று கேட்டார்கள்.

"இல்ல, வரணும்."

"ஏளா, இருமல் கேட்டு எவளாவது ஜெபிப்பாளா?" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து அழுதாள்.

ஜெசிந்தா குளிர்ந்த சிறு கண்ணாடியால் தொண்டையின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு எழுப்பினார். மூச்சைப் பிடித்து விழுங்கப் பழக்கினார். விழுங்கியதும் "ஆ" என்று நீட்டச் சொல்லி, குரலில் ஈரம் கேட்கிறதா என்று செவி கொடுத்தார். பல வாரங்கள் எந்த மாற்றமும் இல்லை. தேவன் மௌனமாயிருக்கிறார் என்றே கசந்துகொண்டேன்.

மறுசோதனை நாள் வந்தது. கேமரா இறங்கியது. கஞ்சி ஒழுங்காகச் சென்றது. அடுத்து ஒரு கரண்டி தண்ணீர். அதில் ஒரு துளி வழி தவறியது. என் நெஞ்சே பிளந்துவிடும்படி இருமினேன்.

"இருமுங்க சார், நல்லா இருமுங்க! எல்லாம் வெளிய வந்துட்டு!" என்று ஜெசிந்தா கூவினார். கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று விம்மினாள்.

வயிற்றில் குழாய் தேவைப்படவில்லை. சில வாரங்களில் மூக்குக் குழாயும் நீங்கியது. இன்றும் குழைந்த சோறும் கெட்டியாக்கிய பானமும்தான். பேச்சு மெதுவாகவே வருகிறது. ஆனால் என் வாயால் உண்கிறேன். கர்த்தருக்கு நன்றி; அவர் ஆயத்தப்படுத்திய மருத்துவருக்கும் ஜெசிந்தாவுக்கும் நன்றி.

முன்பு நோயாளிகளின் வீட்டில் நீண்ட ஜெபம் செய்வேன். இப்போது மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டபின்பே கண்களை மூடுகிறேன். செல்வின் தன் சாட்சியை இன்னும் திரும்பப் பெறவில்லை. அவனுக்காகவும் ஜெபிக்கிறேன். மனம் ஒப்பாமல்தான் ஜெபிக்கிறேன். அதையும் ஆண்டவர் அறிவார்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் படுத்திருந்தால், அவருக்கு உண்மையில் எது தேவையோ அதை ஆண்டவரிடம் கேளுங்கள். ஊரார் சிரிக்கும் விண்ணப்பமானாலும் கூச்சப்படாதீர்கள். அவர் சிரிப்பதில்லை. என் விண்ணப்பத்துக்குச் சிரிக்கவில்லை, கொடுத்தார்.