ஏம்பலத்தில் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தோம்

பக்கவாதம் வந்ததிலிருந்து என் ஓரகத்தி சரோஜா அக்காவுக்குப் பேச்சு சரியாக வருவதில்லை. போன வெள்ளிக்கிழமை அவர் மகன் கண்ணன் போன் செய்தான். "சித்தி, அம்மாவுக்கு எதுவும் புரியல. ஞாயித்துக்கிழமை பெங்களூருக்கே கூட்டிட்டுப் போயிடறேன்." அக்காவுக்கோ ஏம்பலத்து வீடுதான் உலகம். சனிக்கிழமை காலை பேச்சுப் பயிற்சி ஆராய்ச்சியாளர் ஒருவர் வருகிறார் என்றும் சொன்னான். நானும் கிளம்பிவிட்டேன்.

காலை எட்டு மணிக்குப் புதுச்சேரி பேருந்து நிலையம். வில்லியனூர் வரை டிக்கெட் பதினைந்து ரூபாய். அங்கிருந்து ஏம்பலத்துக்கும் பஸ் உண்டு. காத்திருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. ஆட்டோக்காரர், "முந்நூறு குடு ஆயா, குந்து" என்றார்.

"ஆயா இல்லை, மேடம். இருநூற்றைம்பது."

"சரி மேடம் ஆயா, குந்து."

கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்ததில் நாற்பது நிமிடம் ஆயிற்று.

ஆராய்ச்சியாளர் நித்யா சென்னைக்காரர். பக்கவாதத்தாலோ மறதி நோயாலோ பேச்சு தடுமாறுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் அவர் ஆய்வு. நேரத்துக்கு வந்திருந்தார், எனக்குப் பிடித்துவிட்டது. அட்டையில் குடை, ஆடு என்று படங்களாகக் காட்டினார். அக்கா வாய் திறப்பதற்குள் கண்ணன் பதில் சொன்னான். "பரீட்சை யாருக்குடா?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றார் நித்யா.

அக்கா சிரித்துக்கொண்டே சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார்.

"பாத்தீங்களா? எப்பக் கேட்டாலும் தேதியப் பாக்குறாங்க. அப்பா பேரே மறந்துபோச்சு" என்றான் கண்ணன். குரல் உடைந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கப்பா பேரை உங்கம்மா எப்படா சொல்லிக் கேட்டிருக்கே? நான் என் கணவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்கே ஒரு வாரம் என்னோட பேசாதவங்க. காலண்டர்ல தேதியைப் பாக்காதே, படத்தைப் பாரு."

படத்தில் முருகன் வேலோடு நின்றார். அக்காவின் கணவர் பெயர் வேல்முருகன்.

நித்யா விடவில்லை. "கோவிந்தனாம்மா?" அக்கா முகத்தைச் சுளித்தார். "வேல்முருகனா?" வெட்கத்தோடு தலையசைத்தார்.

"எல்லாம் தெரியுது. கேட்ட கேள்விதான் தப்பு" என்றார் நித்யா. பிறகு கண்ணனிடம், "இப்ப நீங்க கேக்க வேண்டியதைக் கேளுங்க. ஒண்ணே ஒண்ணு. அப்புறம் யாரும் பேசக் கூடாது."

"பெங்களூரு வர்றியாம்மா?"

தூரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் உதடு அசைந்தது, நின்றது. கண்ணன் வாயெடுத்தான், நித்யா விரலை உயர்த்தினார்.

"நீ... போ" என்றார் அக்கா. மூச்சு வாங்கிக்கொண்டார். "சோறு... துன்னுட்டு போ."

இப்படிப்பட்டவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: பழங்களை விடப் பழைய போட்டோக்கள் உதவும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி போதும். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், எவ்வளவு நேரமானாலும். மாலையில் வில்லியனூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. மூன்று மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

இரவுத் துணைக்குப் பக்கத்து வீட்டு தேவகியை ஏற்பாடு செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கண்ணன் தனியாகத்தான் பெங்களூர் பஸ் ஏறினான். சாப்பிட்டுவிட்டுத்தான்.