லாமினேட் செய்த விக்கெட் கீப்பர்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பத்தாம் வகுப்பில் மூன்று பாடத்தில் தோற்றவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்பது ஒரு காரணம். இதில் நான் நல்லவனாக வரவில்லை என்பது இன்னொன்று.

தொண்ணூறுகளின் கடைசியில் பழவங்காடியில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளி வரமாட்டார். அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் கடையில் கூடுவார்கள். எல்லாரும் என் வயது, மீசை முளைத்த ஆட்கள். பபிள்கம் பாக்கெட்டோடு வந்த கிரிக்கெட் கார்டுகளைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சேர்த்து வைத்திருந்தார்கள். அவற்றைக் கொண்டுவந்து ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்வார்கள். மாற்றும்போதெல்லாம் சண்டை. உன் கார்டு மூலை மடங்கினது, என்னுடையது புத்தம் புதுசு என்று. பொதுவான ஆள் ஒருவன் மார்க் போட்டால் சண்டை தீரும் என்று முடிவாகி, என்னைப் பிடித்தார்கள். என்னிடம் ஒரு கார்டுகூடக் கிடையாது. அதுதான் என் தகுதி.

சாலைக் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவரிடம் பழைய லென்ஸ் ஒன்றை வாங்கிக் கண்ணில் இடுக்கிக்கொண்டேன். நாலு மூலையும் பார்ப்பேன், விளிம்பு பார்ப்பேன், ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துக் கீறல் மின்னுகிறதா என்று பார்ப்பேன். பத்துக்கு இத்தனை என்று துண்டுச் சீட்டில் எழுதி, கார்டோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் வாயை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டுவேன்.

"எடே, ஆறரையா? அந்த அரையை எங்க வெட்டினே?"

"உன் மூஞ்சியைப் பாத்ததும் கை தானா வெட்டிட்டு."

"விளையாடாதே. காரணம் சொல்லு."

"கீழ் மூலை வெளுத்திருக்கு, நீயே பாரு. பரீட்சையில எனக்கு எவன்டே காரணம் சொன்னான்?"

சிரிப்பார்கள். ஆனால் காரணம் சொல்லாமல் விடமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது நிறைய மார்க் என்று முதலில் நினைத்திருந்தேன். அது இல்லை. தனக்கு வெட்டியது அடுத்தவனுக்கும் வெட்டப்பட வேண்டும். போன மாதம் போட்ட மார்க் இந்த மாதமும் நிற்க வேண்டும். படத்தின்மேல் விரல் படக்கூடாது. இன்னொன்றும் இருந்தது. அதை யாரும் வாய்திறந்து சொன்னதில்லை. சொல்ல வேண்டியிராது என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் என் உயிர்ச் சிநேகிதன். நாகர்கோவில் பக்கத்துக்காரன், அதே சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்தக் கடையில் வேலை. அவன் செட்டில் ஒரே ஒரு கார்டுதான் இல்லை, ஒரு லெக் ஸ்பின்னர். ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தான். கொச்சிக்காரர் ஒருவரிடம் அது இரண்டு இருந்தது. சிநேகிதனிடம் அபூர்வமான விக்கெட் கீப்பர் இரண்டு இருந்தது. ஒன்று நடுவில் மடிந்தது, மற்றது சுத்தம். ஒன்பது மார்க் வாங்கின கீப்பர் என்றால் மாற்றிக்கொள்கிறேன் என்று கொச்சிக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். மடிந்ததைத் தனக்கு வைத்துக்கொண்டு நல்லதைக் கொடுக்க இவன் தயாராகிவிட்டான்.

சனிக்கிழமை கொண்டுவந்தான். லென்ஸில் பார்த்தேன். குறையே இல்லை.

"ஒம்பது. மீதி ஒண்ணு உன்கூடச் சேந்த தோஷத்துக்கு."

"நெசமாவா?"

"நெசந்தான்டே. போய் மூட்டையை எறக்கு."

லாரி நிற்கிறது என்று ஓடினான். அத்தனை சந்தோஷமாக அவன் ஓடி நான் பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் கடைக்கு லாமினேஷன் மெஷின் வந்திருந்தது. எங்கள் ஊரில் உயிராக வைத்திருப்பதை எல்லாம் லாமினேட் செய்துவிடுவார்கள். ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்புச் சர்ட்டிபிகேட், செத்துப்போனவர் போட்டோ. "கெட்டுப்போகாம இருக்கட்டு" என்று சொல்லி நீட்டுவார்கள். வாரம் முழுக்க அதையே கேட்டிருந்த எனக்கு, சிநேகிதன் கார்டை மட்டும் மெழுகுவர்த்தி உறையில் ஒட்டிக் கொடுக்க மனசு வரவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை. கார்டையும் சீட்டையும் சேர்த்து மெஷினில் விட்டேன். சூடாக, பளபளவென்று வெளியே வந்தது. ஓரத்துப் பிளாஸ்டிக்கைக் கத்தரியால் வளைத்து வெட்டி அழகு வேறு பார்த்தேன்.

ஞாயிறு கொச்சிக்காரர் வந்தார். கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதெந்தா செய்தே?"

"லாமினேட் சேட்டா. இனி இதுக்கு ஒண்ணும் ஆகாது."

"இனி இதுக்கு ஆக ஒண்ணும் இல்ல மோனே. இது கார்டு அல்ல, ஐடென்டிட்டி கார்டு."

அவர் திட்டவில்லை. லெக் ஸ்பின்னரை வேறொருவனுடைய எட்டு மார்க் கார்டுக்கு மாற்றிக்கொண்டார். நான் பிளேடை எடுத்து ஒரு மூலையில் பிளாஸ்டிக்கைக் கிளப்பினேன். மைதானத்துப் பச்சை அதோடு சேர்ந்து உரிந்து வந்தது. அடியில் வெள்ளைக் காகிதம். சிநேகிதன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மதிடே," என்றான். போதும் என்று அர்த்தம்.

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய்க்கு வந்தது இதுதான்.

"எதுக்குடே மூஞ்சியைத் தொங்கப்போடுதே? இனி இது மழையில நனையாதுல்லா."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். மற்றவர்களும் என் மேஜைமேல் இருந்த தங்கள் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு நானும் லென்ஸும் மட்டும்.

சில வருஷம் கழித்து, கிழக்கேகோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். வெளிநாட்டில் இந்த மார்க் போடுகிற வேலைக்குக் கம்பெனிகளே இருக்கின்றன. கார்டின்மேல் ஒட்டாத கெட்டிப் பெட்டியில் வைத்துத் தருகிறார்களாம். கார்டு அனுப்புகிறவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ஒரே அளவுகோல், காரணம், எல்லாம் எங்கள் ஆட்கள் கேட்டதுதான். முதல் வரி மட்டும் எங்கள் கடையில் யாரும் சொல்லாதது. கொடுத்த கார்டு கொடுத்தபடியே திரும்பி வர வேண்டும்.

சிநேகிதன் அப்போது மஸ்கட்டில் இருந்தான். நம்பர் வாங்கினேன். செல்போனில் "தப்பு என்மேலதான்" என்று அடித்தேன், அழித்தேன். கடைசியில் போனது வேறு. "லெக் ஸ்பின்னர் கெடச்சானாடே? அந்தக் கீப்பரைத் தூக்கி எறிஞ்சிருப்பேல்லா?"

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

"கெடைக்கல்ல, கீப்பர் இருக்கான், இதுவரைக்கும் நனையல்ல."